கணிதவியலாளர்களின் மனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் பாடத்தைவிட, அந்தப் பாடத்தை உருவாக்கிய மனிதர்களைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் எப்படி யோசித்தார்கள், எப்படிப்பட்ட குணம் கொண்டவர்கள், சிலருக்கு ஏன் அப்படி நேர்ந்தது என்றெல்லாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணிதவியலாளர்கள் மனக்கணக்கில் புலிகளாக இருப்பார்களா?

சிலர் இருப்பார்கள், ஜான் வான் நியூமனைப் போல. பலர் இருக்கமாட்டார்கள். இவை வெவ்வேறு ஆற்றல்கள். சகுந்தலா தேவி 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடிகளில் மனத்துக்குள்ளேயே பெருக்கிக் காட்டினார். மலைக்கவைக்கும் திறமைதான். ஆனாலும் அவர் கணித ஆய்வாளர் அல்லர். மறுபக்கம், இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணிதவியலாளர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குரோதெந்தீக்கிடம் எடுத்துக்காட்டாக ஒரு பகா எண்ணைச் சொல்லச் சொன்னபோது அவர் 57 என்றாராம். 57 என்பது மூன்று பத்தொன்பது. கணிதத் துறையில் இந்தக் கதையை இன்றும் அன்போடு சொல்வார்கள். எல்லாப் பகா எண்களுக்கும் பொதுவானது எது என்று யோசித்தவருக்குக் குறிப்பிட்ட ஓர் எண் தேவைப்பட்டதே இல்லை.

அப்படியானால் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலான நேரம் வழி தெரியாமல் நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பள்ளியில் ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அதற்குள் வழி பிடிபடவில்லையென்றால் "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆய்விலோ விடை தெரியாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ரூ வைல்ஸ் பத்து வயதில் கேம்பிரிட்ஜ் நகர நூலகத்தில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பற்றிப் படித்தார். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் கனம் கிடைக்காது. நான்காம் அடுக்கிலும், அதற்கு மேல் எந்த அடுக்கிலும் இதே கதைதான் என்பது அதன் சாரம். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாத கூற்று. 1986இல் அதை அணுகப் புதிய பாதை ஒன்று திறந்திருப்பதை அறிந்ததும், பிரின்ஸ்டனில் தன் வீட்டு மாடி அறைக்குள் புகுந்தார். ஏழு ஆண்டுகள், ஏறக்குறைய யாருக்கும் சொல்லாமல் உழைத்தார். 1993 ஜூனில் முடிவை அறிவித்தார். செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இடம்பெற்றார். சில மாதங்களில் நிரூபணத்தில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அதை அடைக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். 1994 செப்டம்பர் 19 அன்று காலை, தோல்வி எதனால் என்றாவது புரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தபோது, முன்பு கைவிட்ட ஒரு முறையே அந்த ஓட்டையை அடைப்பதைக் கண்டார்.

தன் அனுபவத்தை அவர் ஓர் இருட்டு மாளிகையாக விவரித்திருக்கிறார். முதல் அறையில் மேசை நாற்காலிகளில் முட்டிக்கொண்டு தடவித் தடவி மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஒருநாள் சுவிட்ச் கைக்குத் தட்டுப்படும், எல்லாம் துலங்கும். உடனே அடுத்த இருட்டறை.

கணிதவியலாளரின் குணம் என்று ஒன்று உண்டு என்றால் அது இதுதான் என்பது என் கருத்து. புரியாமையோடு நெடுநாள் வாழும் துணிவு ஒரு பக்கம். புரிந்துவிட்டதாகத் தன்னையே ஏமாற்றிக்கொள்ள மறுக்கும் கறார் மறுபக்கம். முதலாவது மட்டும் இருப்பவர்கள் கனவிலேயே தங்கிவிடுகிறார்கள். இரண்டாவது மட்டும் இருப்பவர்கள் தொடங்கவே அஞ்சுகிறார்கள். வைல்ஸ் ஓட்டையை ஒப்புக்கொண்ட அந்த ஓராண்டுதான் எனக்கு முந்தைய ஏழு ஆண்டுகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மனத்துக்குள் சொற்களில் யோசிக்கிறார்களா, படங்களிலா?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக் அதமார் இதைத் தன் காலத்து அறிஞர்களிடம் கேட்டுத் தொகுத்து 1945இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவருக்கு ஐன்ஸ்டைன் எழுதிய பதில் புகழ்பெற்றது. தன் சிந்தனையில் சொற்களுக்குப் பங்கிருப்பதாகத் தெரியவில்லை, காட்சி சார்ந்தவையும் தசை அசைவு சார்ந்தவையுமான சில அடையாளங்களே முதலில் வருகின்றன, சொற்களைப் பிறகுதான் சிரமப்பட்டுத் தேட வேண்டியிருக்கிறது என்றார்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2016இல், மூளை ஆய்வாளர்கள் மாரி அமல்ரிக்கும் ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் 15 கணிதவியலாளர்களையும் அதே அளவு படித்த வேறு துறையினர் 15 பேரையும் மூளை வருடிக்குள் படுக்கவைத்துக் கணிதக் கூற்றுகளைச் சொல்லி, அவை சரியா தவறா என்று கேட்டார்கள். கணிதவியலாளர்களிடம் விழித்துக்கொண்டவை மொழிக்கான பகுதிகள் அல்ல. எண்ணையும் இடத்தையும் உணரப் பயன்படும் பகுதிகள்தான். இயற்கணிதமானாலும் வடிவியலானாலும் அப்படியே.

இடம் என்றதும் கண்ணால் காண்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்வையற்ற கணிதவியலாளர்களிடமும் அதே பகுதிகள் இயங்குவதை அமல்ரிக் பின்னர் காட்டினார். ஒரு கோளத்தின் பரப்பு தன்னையே ஊடுருவலாம், ஆனால் கிழியவோ கூர்மையாக மடியவோ கூடாது என்ற நிபந்தனையோடு அதை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பும் முறையைத் துல்லியமாக உருவகித்தவர்களில் முதன்மையானவர் பெர்னார் மொரன். ஆறு வயதிலேயே பார்வையை இழந்தவர்.

வேறு விதமாக யோசிப்பவர்களும் உண்டு. ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி பெரிய தாள்களைத் தரையில் விரித்து ஒரே மாதிரியான படங்களைத் திரும்பத் திரும்ப வரைவார். அம்மா ஓவியம் வரைகிறார் என்றே அவருடைய சிறு மகள் நினைத்தாள்.

விடை திடீரென்று மின்னுவது உண்மையா? ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னது?

மின்னுவது உண்மை. மிகத் தெளிவான சாட்சி ஆன்ரி புவன்காரே. 1908இல் பாரிஸ் உளவியல் சங்கத்தில் அவர் ஆற்றிய உரையில் தன் இளமைக்கால அனுபவத்தை விவரித்தார். நிலவியல் சுற்றுலா ஒன்றில் குத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியேறப் படியில் கால்வைத்த நொடியில், அப்போது அதைப் பற்றி யோசிக்காமலேயே, தன் ஆய்வின் சாவி கிடைத்துவிட்டது. உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் உறுதி முழுமையாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் சரிபார்த்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் அதன் முன்பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் நாள்தோறும் மேசையில் உட்கார்ந்து, கணக்கற்ற சேர்க்கைகளை முயன்று, பயனின்றி எழுந்த வாரங்கள் இருந்தன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் அடிமனத்துக்குக் கையில் எடுக்க ஒன்றுமே இருந்திருக்காது என்பதை அவரே வலியுறுத்தினார். உதித்ததைச் சரிபார்க்கும் வேலையும் மனம் அறிந்து செய்வதுதான்.

ராமானுஜன் விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய குலதெய்வம். சூத்திரங்கள் தாயாரின் அருள் என்று அவர் சொன்னார், உளமார நம்பினார். ஒரு மனிதர் தன் அகத்தில் உணர்ந்ததை வெளியிலிருந்து மறுக்க நமக்கு உரிமை இல்லை. அதேபோல், கண்ணால் காணக்கூடிய உழைப்பை மறைக்கவும் உரிமை இல்லை. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில், திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்து மணிக்கணக்காகப் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழித்தவர் அவர். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. முடிவு மட்டும் நோட்டுக்கு ஏறியது. வழி சிலேட்டோடு அழிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அவை வானத்திலிருந்து விழுந்தவை போலத் தெரிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பதின்ம வயதில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலும் ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரூபணம் அதிகமின்றி வரிசையாக அடுக்கியதுதான். அந்த நடைதான் அவரிடம் ஒட்டிக்கொண்டது.

உள்ளுணர்வு தவறியதும் உண்டு. பகா எண்களின் பரவல் பற்றி 1913இல் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியவற்றில் சில பிழையாக இருந்தன. இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள். எனக்கோ அவர் மீதுள்ள மதிப்பு கூடுகிறது. பிழைபடக்கூடிய மனித மனம் ஒன்று, வழிகாட்ட ஆளின்றி, கல்லூரி உதவித்தொகையையும் இழந்து, அவ்வளவு தூரம் போனது.

தனிமை விரும்பிகள்தானே?

சிலர். ஆனால் இந்தத் துறையைப் போலப் பேசித் தீர்க்கும் துறை குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தின் ல்வூவ் நகரில், இன்று உக்ரைனின் லிவீவ், பானாக், மாசூர், உலாம் முதலியோர் ஸ்காட்டிஷ் கஃபேயில் கூடி மேசையின் பளிங்குக் கல்லிலேயே எழுதி விவாதிப்பார்கள். அழிந்துபோகக் கூடாதென்று கேள்விகளுக்கு ஒரு நோட்டு வைத்தார்கள். 1936இல் மாசூர் ஒரு கேள்விக்கு உயிருள்ள வாத்து ஒன்றைப் பரிசாக அறிவித்தார். 1972இல் சுவீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ அதற்கு விடை கண்டார். மாசூர் வார்சாவில் சொன்னபடியே வாத்தைக் கொடுத்தார்.

பால் எர்டிஷுக்கு வீடே கிடையாது. ஒரு பெட்டியோடு நாடு நாடாக, நண்பர் வீடு வீடாகச் சென்று, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மொத்தம் ஏறத்தாழ 1,500 கட்டுரைகள்.

எனக்குப் பிடித்த கூட்டணி ஹார்டியும் லிட்டில்வுட்டும். ஒரே கல்லூரியில் இருந்தபோதும் குறிப்பெழுதியே ஆய்வு செய்தார்கள். ஒருவர் எழுதுவது சரியா தவறா என்பது பொருட்டல்ல. வரும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை, படிக்கவேண்டும் என்றுகூட இல்லை. இப்படிச் சில விதிகள் அவர்களுக்குள் இருந்ததாக அவர்களுடைய நண்பர் ஹரால்ட் போர் பதிவுசெய்தார். கேட்கும்போது கடுமையாகத் தெரியும். ஆனால் ஒருவரை ஒருவர் தவறு செய்ய அனுமதித்த நட்பு இது.

கணிதம் மனநிலையைக் குலைத்துவிடுமா?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதே பதில். அதை வெறுமனே சொன்னால் போதாது, ஏனென்றால் எல்லோர் மனத்திலும் சில பெயர்கள் இருக்கின்றன.

கியோர்க் கான்டர், முடிவிலிகளிலும் சிறியது பெரியது உண்டு என்று காட்டியவர், பலமுறை மருத்துவமனையில் இருந்து 1918இல் ஹாலே நகர மனநலக் காப்பகத்தில் இறந்தார். முடிவிலியை நினைத்ததால் மனம் பிறழ்ந்தது என்பது கட்டுக்கதை. மனநிலை ஏற்ற இறக்க நோய் அவருக்கு இருந்ததாகவே இன்று கருதுகிறார்கள். தர்க்கவியலாளர் கர்ட் கோடல் உணவில் நஞ்சு இருக்கும் என்று அஞ்சியவர். மனைவி அடேல் மருத்துவமனையில் இருந்த காலத்தில் உண்ண மறுத்து, 1978 ஜனவரியில் மெலிந்து இறந்தார். ஜான் நாஷுக்கு 1959 வாக்கில் மனச்சிதைவு நோய் வெளிப்பட்டது. நோபல் பரிசு பெற்றுத் தந்த அவருடைய ஆய்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது. நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகளைப் பறித்தது.

அமெரிக்க உளமருத்துவர் அர்னால்ட் லுட்விக் இருபதாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை வரலாறுகளை ஒப்பிட்டு 1995இல் வெளியிட்டார். கவிஞர்கள், புனைகதையாளர்களைவிட இயற்கை அறிவியலாளர்களிடம் மனநலக் கோளாறுகள் குறைவாகவே காணப்பட்டன. நாம் கேட்கும் கதைகள் எண்ணிக்கையில் சில. நினைவில் நிற்பவையும் அவைதான், அவ்வளவே.

நம் மண்ணின் இரண்டு பெயர்களைத் தவிர்க்க முடியாது. ராமானுஜன் 1918இல் இங்கிலாந்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். போர்க்காலம், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, குளிர், மருத்துவமனை மருத்துவமனையாக மாறிய நோயுடல், வீட்டிலிருந்து வராத கடிதங்கள். இவ்வளவுக்கும் பிறகு கணிதத்தின் மேல் பழிபோடுவது அநியாயம். அதுதான் அவரைத் தாங்கிப் பிடித்தது. சென்னையில் பிறந்து லயோலா கல்லூரியில் படித்த சி.பி. ராமானுஜம், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒளிமிக்க ஆய்வாளர்களில் ஒருவர், மனநோயோடு நெடுநாள் போராடி 1974இல் 36 வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். இவர்களை "மேதைகள் அப்படித்தான்" என்று கடந்துபோவது எனக்குக் கோபம் தருகிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சிகிச்சையும் துணையும். இன்று யாருக்கேனும் அந்த நிலை என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆட்டிசத்துக்கும் கணிதத்துக்கும் தொடர்பு உண்டா?

உளவியலாளர் சைமன் பேரன்-கோகனின் குழு 2001இல் ஆட்டிசப் பண்புகளை அளக்கும் ஒரு வினாநிரலைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குக் கொடுத்தது. அறிவியல் மாணவர்களின் சராசரி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அவர்களுள் கணித மாணவர்கள் முதலிடம். இது சராசரியைப் பற்றிய செய்தி. பெரும்பாலான கணித மாணவர்களுக்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் உள்ள பெரும்பாலானோர் கணிதத்தை நாடுவதும் இல்லை. கேள்விப்பட்டதை வைத்து யார் பிள்ளைக்கும் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

முப்பது வயதுக்குள் சாதிக்காவிட்டால் அவ்வளவுதானா?

இந்த நம்பிக்கையைப் பரப்பியவர்களில் ஹார்டி முக்கியமானவர். கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்று 1940இல் எழுதினார். மாரடைப்புக்குப் பிறகு, தன் படைப்பாற்றல் வற்றிவிட்டது என்ற துயரத்தில் எழுதிய வரி அது. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கலுவா இருபது வயதிலும் ஏபெல் இருபத்தாறிலும் இறந்தார்கள், அதனால் அவர்கள் செய்ததெல்லாம் இளமையில்தான். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு நாற்பது வயது வரம்பு இருப்பதும் இந்த எண்ணத்தை வளர்க்கிறது.

ரோஜே அபேரி 1978இல், அறுபதைக் கடந்த வயதில், இயல் எண்களுடைய கனங்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் எண் விகிதமுறா எண் என்று நிரூபித்தார். கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை. யீடாங் சாங் முனைவர் பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழக வேலை கிடைக்காமல் சாண்ட்விச் கடையில்கூட வேலை செய்தவர். பின்னர் விரிவுரையாளராக அமைதியாகப் பாடம் நடத்திவந்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில், 2013இல், ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளியில் பகா எண் இணைகள் முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் என்று நிரூபித்தார். அப்படி ஒரு வரம்பு உண்டு என்பதே அதுவரை எவராலும் காட்டப்படாதது.

கணிதத்தில் அழகு என்கிறார்களே, அது வெறும் பேச்சா?

மூளையில் தெரிகிறது. நரம்பியலாளர் செமிர் செக்கியும், கணிதவியலாளர் மைக்கேல் அதியாவும் பிறரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 15 கணிதவியலாளர்கள் 60 சூத்திரங்களுக்கு அழகு மதிப்பெண் போட்டார்கள். ஒரு சூத்திரம் அழகாகத் தோன்றும்போது, இசையிலும் ஓவியத்திலும் அழகை உணரும்போது இயங்கும் அதே முன்மூளைப் பகுதி இயங்கியது. முதலிடம் ஆய்லரின் முற்றொருமைக்கு (e^(iπ) + 1 = 0). அழகற்றது என்று பெரும்பாலோர் ஒதுக்கியது, பை (π) என்ற எண்ணின் தலைகீழிக்கான ராமானுஜனின் முடிவிலித் தொடர்!

எனக்கு அந்தத் தீர்ப்போடு உடன்பாடில்லை. 1914இல் வெளிவந்த அந்தத் தொடரில் 1103, 26390, 396 என்று எண்கள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும். காரணம் புரியாதவரை அவை கரடுமுரடு. ஏன் வேறெந்த எண்ணும் அங்கே பொருந்தாது என்று தெரிந்தபின் பார்த்தால் சிலிர்க்கிறது. 1985இல் பில் கோஸ்பர் பையின் மதிப்பை ஒரு கோடியே எழுபது இலட்சம் இலக்கங்களுக்குக் கணக்கிட்டது இதே தொடரைக் கொண்டுதான்.

புகழ், பணம் வேண்டாம் என்பவர்களா?

புவன்காரே விட்டுச்சென்ற புகழ்பெற்ற கேள்விக்கு விடை கண்ட கிரிகோரி பெரல்மன் 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010இல் பத்து இலட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். அந்த விடைக்கு வழி திறந்த ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு தன் பங்குக்குக் குறைந்ததல்ல, தனக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. விசித்திரம் என்று எழுதினார்கள்; எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. மற்றபடி, முன்னுரிமைச் சண்டைகள் இந்தத் துறையில் ஏராளம். நுண்கணிதத்தை முதலில் கண்டது யார் என்று நியூட்டனும் லைப்னிட்சும் போட்ட சண்டை பிரிட்டனின் கணிதத்தை ஐரோப்பாவின் கணிதத்திலிருந்தே பிரித்தது.

பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்?

இயல்பு வேறு என்பதால் அல்ல. சாரா-ஜேன் லெஸ்லியும் ஆண்ட்ரே சிம்பியனும் அவர்கள் குழுவினரும் 2015இல் காட்டியது இது: எந்தத் துறையினர் தம் துறைக்குப் பிறவி மேதைமை தேவை என்று நம்புகிறார்களோ அந்தத் துறையில் பெண்கள் குறைவாக இருக்கிறார்கள். கணிதம் அந்த நம்பிக்கை மிகுந்த துறை. எமி நொய்தர் என்ற கணிதவியலாளர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஊதியமின்றி, அங்கிருந்த பேராசிரியர் ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை எடுக்க வேண்டியிருந்தது. 1936இல் தொடங்கிய ஃபீல்ட்ஸ் பதக்கம் ஒரு பெண்ணுக்கு, மிர்சாகானிக்கு, வந்துசேர 2014 ஆயிற்று. அவர் தன்னை மெதுவாக யோசிப்பவர் என்றே சொல்லிக்கொண்டார்.

என் பிள்ளைக்கு இந்த மனப்பாங்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதிப்பெண்ணில் தெரியாது. விடை சரியாக வந்த பிறகும் "ஏன் வந்தது" என்று நச்சரிக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். முடியாத கணக்கை மூடிவைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி அதையே பேசும் பிள்ளையையும். இசை, விளையாட்டு, கதை என்று வேறு ஆர்வங்கள் இருந்தால் அதற்காகக் கவலைப்படாதீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி உலகம் போற்றிய வடிவியலாளர், கர்நாடக இசையும் தேர்ந்து பாடியவர். அவரும் எம்.எஸ். நரசிம்மனும் லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்தவர்கள். பாடப்புத்தகத்தைத் தாண்டி, அந்நாளைய பிரெஞ்சுக் கணிதத்தை மாணவர் கையில் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியர் அவர். இருவர் பெயரையும் தாங்கிய தேற்றம் 1965இல் வெளிவந்தது.

சேஷாத்ரி தொடங்கிய சென்னை கணிதவியல் நிறுவனம் இன்று சிறுசேரியில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இளநிலைப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. காரணத்தோடு விரித்து எழுத வேண்டிய கேள்விகளும் அதில் வரும். பழைய வினாத்தாள்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து, நேரக் கணக்கு வைக்காமல், மேசை மேல் வைத்துவிடுங்கள்.